கோனா ஏரி: மலைச்சரிவும் முன்னறிவிப்பும்

மலைச்சரிவில் தங்கிய பாறையையும் மண்ணையும் இடம்பெயரச் செய்வன புவியீர்ப்பும் நீரின் விசையுமாகும். இவ்விரண்டும் அடுத்தடுத்துச் செயற்பட்டமைக்குக் கர்வால் இமயமலையின் கோனா ஏரி தக்க சான்றாகும்.

1893 செப்டம்பரில் பிரஹி கங்கைப் பள்ளத்தாக்கில் மலையின் ஒரு பக்கம் சரிந்து வீழ்ந்தது. வீழ்ந்த பாறைகள் ஏறத்தாழ 270 மீட்டர் உயர அணையாகி ஆற்றை மறித்தன. பின்புறம் ஏரி உருவாயிற்று. நீர்மட்டம் உயர்வதைக் கணக்கிட்ட பொறியாளர்கள், 1894 ஆகஸ்ட் நடுவில் நீர் அணையைக் கடக்கும் என முன்னுரைத்தனர். செய்தி விரைந்து செல்லத் தந்திக்கம்பி அமைக்கப்பட்டது. கரையோர மக்கள் மேட்டுநிலங்களுக்கு அகற்றப்பட்டனர். ஆகஸ்ட் 25 நள்ளிரவை ஒட்டி அணை உடைப்பெடுத்தது. அலகநந்தாவில் பாய்ந்த வெள்ளம் கர்வாலின் ஸ்ரீநகரை அழித்தது. எனினும் மடிந்தோர் ஐவரே; அவர்களும் அகற்றப்பட்ட பின் அணையடிக்குத் திரும்பியவர்கள்.

அணையின் மேற்பகுதி மட்டுமே அடித்துச் செல்லப்பட்டது. எஞ்சிய ஏரி, 1970 ஜூலைப் பெருமழையில் சரிந்துவந்த கல்லும் மண்ணும் நிரம்ப, உடைந்தழிந்தது. அலகநந்தாப் பள்ளத்தாக்கு மீண்டும் பேரழிவுக்குள்ளாயிற்று. மேற்சரிவுகளில் காடழிந்ததே மண் பெயர்வை மிகுவித்தது என்னும் உணர்வு அப்பகுதி மக்களிடம் வலுப்பெற்றது. 1973இல் அங்கெழுந்த சிப்கோ இயக்கத்திற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

மலையை நகர்த்தும் விசையைத் தடுத்தல் அரிது, அளந்தறிதல் இயலும். 1894இன் கணக்கு ஓர் உடைப்பிலிருந்து மக்களைக் காத்தது. சரிவில் எஞ்சிய மண்ணோ அடுத்த மழைக்குக் காத்திருந்தது. ஆகவே முன்னறிவிப்பு ஒரு நாளோடு முடிவதன்று; தொடர்ந்து பேண வேண்டிய கடமை என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.