சமையலறைக் கழிவு உரம்

காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு முதலியவற்றை வீட்டிலேயே மக்கவைத்துப் பெறும் இயற்கை உரம். துளையிட்ட மண்தொட்டியில் ஈரக் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்குவர். கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30:1 விகிதத்தில் அமைந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். கலவையைக் கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிவதே சரியான ஈரப்பதம். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் நாற்றமெடுக்கும். இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களைச் சேர்ப்பதில்லை. இரண்டு, மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் கருமையான உரம் கிடைக்கும். சலித்துச் செடிகளுக்கு இடலாம்.

இந்தியாவின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016, மக்கும் குப்பையை வீட்டிலேயே தரம்பிரிப்பதைக் கட்டாயமாக்கின. குப்பைக்கிடங்கில் காற்றின்றி அழுகும் உணவுக்கழிவு மீத்தேனை உமிழ்கிறது. அதைத் தடுக்க ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளத்தக்க எளிய, பயனுள்ள வழி, கழிவை இவ்வாறு வீட்டிலேயே உரமாக்குவது.