ஒரு தொழிலாளி, பல இயந்திரங்கள்: டொயோட்டா ஆலையில் செல் அமைப்பின் தோற்றம்

முன்னுரை

ஒரு பாகத்தின் செய்முறை வரிசைக்கு ஏற்ப வெவ்வேறு வகை இயந்திரங்களை அருகருகே நிறுத்தி, ஒருவரிடமோ சிறு குழுவிடமோ ஒப்படைக்கும் ஏற்பாடு ‘செல் அமைப்பு’ எனப்படுகிறது. இது ‘லீன்’ உற்பத்தி முறையின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. ‘லீன்’ என்னும் பெயரை ஜான் கிராஃப்சிக் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வழங்கினார். எனினும் அம்முறை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் உருப்பெறத் தொடங்கியிருந்தது. பொறியியல் நூல்கள் செல் அமைப்பை இயந்திரங்களின் இடமாற்றமாகவே பெரிதும் விளக்குகின்றன. டொயோட்டாவின் கொரோமோ ஆலையில் இயந்திரங்களோடு தொழிலாளியின் தொழிலும் மாறியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பழைய ஏற்பாடு

அக்காலப் பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் ஓரிடத்திலும் துளையிடும் இயந்திரங்கள் வேறோரிடத்திலும் இருந்தன. பாகங்கள் தொகுதி தொகுதியாக ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றன. இடையில் அவை குவிந்து கிடந்தன. கடைசல்காரர் கடைசல் வேலையை மட்டுமே செய்தார். ஒருவருக்கு ஓர் இயந்திரம் என்பது வேலைப் பங்கீடாக மட்டுமன்றி, அவரது கைத்திறனுக்குரிய மதிப்பாகவும் விளங்கியது.

1947: கொரோமோவில் மாற்றம்

தாய்ச்சி ஓனோ 1932இல் டொயோடா நூற்பு நெசவு நிறுவனத்தில் சேர்ந்து, 1943இல் மோட்டார் நிறுவனத்திற்கு மாறியவர். நெசவாலையில் ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிப்பது வழக்கம். சகிச்சி டொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஆகவே தறிக்கு அருகில் ஒருவர் எந்நேரமும் காவல் நிற்க வேண்டியதில்லை.

இப்பட்டறிவையே ஓனோ உலோக வேலைக்குக் கொண்டுவந்தார். 1947இல் இயந்திரங்களை இணைகோடுகளாகவும் ‘எல்’ வடிவிலும் நிறுத்தி, ஒருவரே பலவற்றை இயக்கச் செய்தார். ஒரே வகைத் தறிகள் பலவற்றைக் கவனிப்பதும், கடைசல், துளையிடல் எனத் தன்மையால் வேறுபட்ட வேலைகளைச் செய்வதும் ஒன்றல்ல. திறன்மிகு தொழிலாளர்கள் இம்மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்ததை ஓனோவே 1978இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். வேலைநேரம் கூடவில்லை என்பது அவர் தரும் விளக்கம். எதிர்ப்பின் காரணம் நேரமன்று, தொழில் அடையாளமே என்பது இதனால் புலப்படும். மேலும், வேலை முடிந்ததும் தானே நிற்கும் வசதி அன்றைய இயந்திரங்களில் இல்லாததால் ஓனோ படிப்படியாகவே முன்னேற வேண்டியிருந்தது.

1950: நெருக்கடியும் பரவலும்

1949இன் பணச்சுருக்கக் கொள்கையால் விற்பனை தளர்ந்து, நிறுவனம் கடனில் மூழ்கியது. 1950இல் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. முடிவில் தொழிலாளர் பலர் வெளியேறினர். தலைவர் கீச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். அவ்வாண்டு ஜூனில் மூண்ட கொரியப் போர், அமெரிக்கப் படையின் டிரக் கொள்முதலைக் கொண்டுவந்தது. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் வண்டிகளைச் செய்ய வேண்டிய நிலையில், ஒருவர் மூன்று, நான்கு இயந்திரங்களைக் கவனிக்கும் முறை வேரூன்றியது.

பின்னர் பரவலான ‘யு’ வடிவத்தில் தொடக்கமும் முடிவும் அருகருகே அமைகின்றன. ஒரு பாகம் வெளியேறினால்தான் அடுத்தது நுழையும். எனவே தேக்கம் குறைகிறது. தேவை சரியும்போது அதே செல்லைக் குறைந்த ஆட்களைக் கொண்டு இயக்கவும் இயலும்.

முடிவுரை

சோவியத் ஒன்றியத்தில் மித்ரோஃபனோவும் பிரிட்டனில் ஜான் பர்பிட்ஜும் ஒத்த பாகங்களைக் குழுக்களாக வகைப்படுத்தும் வழியில் இதையொத்த அமைப்புகளை வந்தடைந்தனர். டொயோட்டாவின் பாதையோ தொழிலாளியை இயந்திரத்திலிருந்து விடுவிப்பதில் தொடங்கியது. அவ்விடுதலை அவருக்குப் பல திறன்களை அளித்தது. ஒரு தொழிலின் வல்லுநர் என்னும் தனித்த இடத்தைப் பறித்தது. மேற்கண்ட எதிர்ப்பைப் பற்றிய சான்று நிர்வாகியின் நூல்வழி வருவது என்பதும் கருதத்தக்கது. செல் அமைப்பின் வரலாறு, அதை ஏற்க மறுத்தவர்களையும் உள்ளடக்கும்போதே நிறைவுபெறும்.