வடகடல் பிடிலும் பாலக்கோட்டுப் பம்பையும்

1843-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு புதிய சிம்பொனி அரங்கேறியது. நடத்தியவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன், இயற்றியவர் நீல்ஸ் காடே என்ற இருபத்தாறு வயது டென்மார்க் இளைஞர். சொந்த ஊரான கோபன்ஹேகன் ஏற்காத படைப்பு அது. அந்த ஆண்டில் நம் தரங்கம்பாடி இன்னும் டென்மார்க்கின் ஆட்சியில்தான் இருந்தது. இரண்டாண்டு கழித்துத்தான் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. வட ஐரோப்பாவின் சிறிய நாடுகள் இசையில் தம் குரலைத் தேடத் தொடங்கிய காலம் அது.

அதே 1843-இல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் எட்வர்ட் கிரீக் பிறந்தார். அவருடைய பதினைந்தாம் வயதில், ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த வயலின் மேதை ஓலே புல் அவர் வாசிப்பைக் கேட்டு, பையனை லைப்சிக் இசைப்பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரை வற்புறுத்தினார். கிரீக் அங்கே ஜெர்மானிய இசை இலக்கணத்தைக் கற்றார். ஆனால் அவர் மனம் நின்றது நார்வேயின் மலைக் கிராமங்களில். 1814 வரை டென்மார்க்கோடும், பிறகு 1905 வரை ஸ்வீடன் அரசரின் கீழும் இருந்த நாடு அது. தனக்கென்று ஓர் இசை வேண்டும் என்ற அந்த நாட்டின் தவிப்பை அவரைப் போல் உணர்ந்தவர் குறைவு.

அவருடைய பியானோ கான்செர்ட்டோவையும் 'பேர் கின்ட்' நாடக இசையையும் உலகம் அறியும். இங்கே சொல்ல வேண்டியது அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு நூலைப் பற்றி.

டெலிமார்க் மலைப்பகுதியில் க்னூட் டாலே என்ற முதிய பிடில்காரர் இருந்தார். அவர் வாசித்தது ஹார்டாங்கர் பிடில். வில் படும் நான்கு தந்திகளுக்கு அடியில், சிதாரின் தரப் தந்திகளைப் போலத் தாமாகவே அதிரும் தந்திகளும் அதில் உண்டு. ஒரு தந்தி சுருதியாக நிற்க, பக்கத்துத் தந்தியில் நடன மெட்டு ஓடும். மில்லார்கூட்டன் முதலிய பழைய கலைஞர்களிடம் நேரில் கற்ற மெட்டுகள் டாலேயிடம் இருந்தன. தம்மோடு அவை அழிந்துவிடக் கூடாது என்று அவர் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். கிரீக் பியானோக்காரர், வில்லின் நுணுக்கம் தெரிந்தவர்தான் எழுத வேண்டும் என்று வயலின் கலைஞர் யோஹான் ஹால்வோர்சனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். 1901-இல் டாலே, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவுக்கு வந்து வாசிக்க, ஹால்வோர்சன் 17 மெட்டுகளை எழுதினார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்து 1903-இல் 'ஸ்லோட்டர்' என்ற பெயரில் வெளியிட்டார். ஹால்வோர்சன் எழுதிய பிடில் வடிவமும் உடன் வெளிவந்தது. பல மெட்டுகளின் தலைப்பிலேயே பழைய பிடில்காரர்களின் பெயர்கள் நிற்கின்றன.

கிரீக்கின் பெருமை இதில்தான் இருக்கிறது. நாட்டுப்புற மெட்டை எடுத்து அழகுபடுத்தியவர்கள் பலர். அது யாருடைய மெட்டு என்பதையும் மேடையேற்றியவர்கள் மிகச் சிலரே.

கிரீக் பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, 1943-இல் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 1976-இல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வந்தபோது கிராமத்து மெட்டும் மேற்கத்திய வாத்தியக் குழுவும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்று தமிழகம் கேட்டு உணர்ந்தது. அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. கிரீக் தொடங்கிய பாதையில் தமிழ் மண்ணிலிருந்து நடந்தவர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் நம் மண்ணின் டாலேக்கள்? தருமபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் முகவீணை ஒலிக்கிறது. அம்மன் திருவிழாவில் பம்பை முழங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய அந்த இரு முழவுகளிலும் அடிக்கு அடி கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தந்தையிடமிருந்து மகனுக்குக் காதுவழி வந்தது. மகன் வேலை தேடி ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் அங்கேயே நின்றுவிடும்.

இதே மாவட்டத்துப் பாலக்கோட்டின் ஆசிரியர்களும் மாணவர்களும் அந்தக் கணக்கைப் பதிவு செய்யும் வேலையைக் கையிலெடுக்க வேண்டும். அடுத்த திருவிழாவில் பம்பைக்காரர்களை முழுதாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சடங்குக்கு எந்த அடி, யாரிடம் கற்றது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இசைந்தால், பதிவின் தலைப்பில் அவர்கள் பெயரை முதலில் போடுங்கள்.