பாரசீகப் பெண்டிரின் சமூக, சமய உரிமைகள்: பெர்செபோலிசு முதல் இராயபுரம் வரை

முன்னுரை

பாரசீகப் பெண் என்றவுடன் தமிழர் மனத்தில் எழும் உருவம் அவரவர் வாழும் ஊரைப் பொறுத்தது. இக்கட்டுரையாளர் வாழும் டெக்சாசு மாநிலத்து ரிச்சர்ட்சனில் அவர் பெரும்பாலும் 1979-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டி ஈரானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் மகள். சென்னையிலோ அவர் பார்சிப் பெண்மணி. அவருடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் குசராத்துக் கடற்கரையில் வந்திறங்கியவர்கள். இருவருக்கும் பொதுவான பழமை, சரத்துஸ்திர சமயம் தழைத்த பண்டை ஈரானாகும். அப்பழமையில் பெண் பெற்றிருந்த இடம் யாது, இந்தியாவுக்கு வந்த கிளையில் அது எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சொத்திலும் பொதுப்பணியிலும் படிப்படியாக விரிந்த பெண்ணுரிமை, சமய உறுப்புரிமையில் தந்தைவழி மரபோடு மோதி நின்றுவிட்டது என்பதே இதன் முடிபு.

களிமண் ஏடுகள் தரும் சான்று

கிரேக்க எழுத்தாளர் பலர் பாரசீக அரசியரை அந்தப்புரச் சூழ்ச்சிக்காரிகளாகவே தீட்டினர். 1933-34-ஆம் ஆண்டுகளில் பெர்செபோலிசு அகழாய்வில் கிடைத்த களிமண் ஏடுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. இவை கி.மு. 509 முதல் 493 வரையிலான, முதலாம் தாரியசு காலத்து நிருவாகக் கணக்குகள். அரச குலத்துப் பெண்ணான இர்தபாமா தம் சொந்த நிலங்களையும் நூற்றுக்கணக்கான பணியாளரையும் ஆண்டதும், தம் முத்திரையிட்டு ஆணை பிறப்பித்ததும் இவற்றால் தெரியவருகின்றன. தாரியசின் மனைவியரில் ஒருவரான இர்தஷ்துனாவுக்கு 100 ஆடுகள் வழங்குமாறு மன்னர் இட்ட ஆணையும் உள்ளது. பணிக்குழுக்களுக்குத் தலைமை தாங்கிய பெண்கள் உயர்ந்த அளவு தானியமும் மதுவும் பெற்றனர். எனினும், மகப்பேற்றுக்கான சிறப்புப்படியில் ஆண் குழந்தை பெற்றவளுக்குக் கிடைத்தது, பெண் குழந்தை பெற்றவளுக்குக் கிடைத்ததைப் போல் இரு மடங்கு. மகளின் மதிப்பு பாதி என்னும் அக்கணக்கு பின்னரும் தொடர்வதைக் காண்போம். செம்பியன் மாதேவியின் கொடைகளைக் கல்வெட்டுகளின்வழி அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு, இலக்கியம் மறைப்பதைக் கணக்கேடு காட்டும் என்பது புதிதன்று.

மறைநூலும் சட்டநூலும்

சரத்துஸ்திரரின் மகள் பொருசிஸ்தாவின் திருமணத்தைப் பாடும் அவெஸ்தாப் பகுதியில், மணமகள் தன் அறிவோடு கலந்து முடிவு செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறாள். அறவோரின் ஆவிகளைப் போற்றும் பகுதி ஆடவரோடு பெண்டிரையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. 'ஏர்பதெஸ்தான்' என்னும் நூல், சமயக் கல்விக்காக வீட்டைவிட்டுச் செல்ல வேண்டியவர் கணவனா மனைவியா என வினவி, வீட்டுச் சொத்தைப் பேணுவதில் எவருடைய பொறுப்பு குறைவோ அவர் செல்லலாம் என்று விடை கூறுகிறது. இவ்வினாவை எழுப்ப முடிந்ததே குறிப்பிடத்தக்கது. சமய நுழைவுச் சடங்கான நவ்ஜோத்தில் சுத்ரே எனும் வெள்ளாடையும் குஸ்தி எனும் புனித இழையும் சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஒன்றுபோலவே அணிவிக்கப்படுகின்றன. பூணூலை ஆண்களுக்கே உரியதாகக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிப்பது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கின்போது பெண்ணைத் தனியே ஒதுக்கும் விதிகளை வெந்திதாது விரிவாக வகுத்தது. குருத்துவம் ஆண்வழியிலேயே சென்றது. சாசானியர் காலத்தில், கி.பி. 630-ஐ ஒட்டிப் போரான், அசர்மிதோக்து என்னும் சகோதரியர் அடுத்தடுத்து அரியணை ஏறினர். ஆயினும் அக்காலத்தின் 'ஆயிரம் தீர்ப்புகளின் நூல்' மணமாகாத மகளுக்கு மகனின் பங்கில் பாதியையே அளித்தது.

இந்தியாவில் பார்சிப் பெண்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் பார்சிகள் தமக்கெனத் தனிச் சட்டம் வேண்டிப் பெற்றனர். 1865-ஆம் ஆண்டு மணச்சட்டம் இருதார மணத்தைத் தடை செய்தது. அதே ஆண்டின் வாரிசுச் சட்டம், உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் கால் பகுதியைத் தந்தது. 1939-இல் அது பாதியாயிற்று, 1991-இல் சமமாயிற்று. தமிழகத்தில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்ததை இங்கே ஒப்புநோக்கலாம். கால், அரை, முழுமை என்று மகளின் பங்கு வளர 126 ஆண்டுகள் ஆயின.

சமய உறுப்புரிமையோ வேறு வழியில் சென்றது. இரத்தன்ஜி தாதாபாய் டாட்டாவின் பிரெஞ்சு மனைவி சூசன் பிரியேர் சரத்துஸ்திர சமயத்தைத் தழுவியதையொட்டி எழுந்த வழக்கில், 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பார்சி என்பவர் யார் என வரையறுத்தது. பாரசீகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள், பிற்காலத்தில் வந்த ஈரானியச் சரத்துஸ்திரர்கள், பார்சித் தந்தைக்கும் பிற சமூகத் தாய்க்கும் பிறந்து முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் ஆகியோரே பார்சிகள் என்றது. பார்சித் தாய்க்கும் பிற சமூகத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு அவ்வரையறையில் இடமில்லை. நவ்ஜோத்தில் சமமாக இழை அணிந்த மகள், மணமான பின் மகனுக்குச் சமமாகாது போனாள்.

சென்னைச் சான்று

சென்னை இராயபுரத்தில் 1910-இல் எழுந்த தீக்கோயில், இளவயதில் இறந்த ஜால் என்னும் மகனின் நினைவாகப் பிரோஜ் கிளப்வாலா அமைத்தது. அதே குடும்பப் பெயரைத் தமிழக மக்களிடையே பரவலாக அறியச் செய்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். 1909-இல் உதகமண்டலத்தில் பிறந்த இவர், 1935-இல் கணவரை இழந்தார். கைம்மை அவரை வீட்டுக்குள் அடைக்கவில்லை. ‘கில்டு ஆஃப் சர்வீஸ்’ அமைப்பின்வழி ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் தொண்டாற்றினார். 1942-இல் போர்வீரர்களுக்கான விருந்தோம்பல் குழுவை உருவாக்கினார். 1952-இல் இவர் நிறுவிய சென்னை சமூகப்பணிப் பள்ளி, தொண்டைப் பயிற்சி பெற்ற தொழிலாக மாற்றியது. 1956-இல் சென்னையின் முதல் பெண் ஷெரீப் ஆனார். பின்னர் பார்சி அல்லாத இராணுவ அதிகாரி ஒருவரை மணந்தார். 1975-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இவர் அவ்வாண்டே மறைந்தார். பொதுவாழ்வில் ஒரு பார்சிப் பெண் எட்டக்கூடிய உயரத்திற்கு இவர் வாழ்வே அளவுகோல்.

அவரைப் போல் புறமணம் புரியும் பெண்ணின் சமயநிலை குறித்த வினா மட்டும் இன்றும் தீரவில்லை. குசராத்தில் இந்து ஒருவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்த பார்சிப் பெண், மணத்தால் கணவரின் சமயத்தைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார் என்று 2012-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. 2017-இல் உச்ச நீதிமன்ற விசாரணையின்போது, பெற்றோரின் இறுதிச் சடங்கில் அவர் கலந்துகொள்ள வல்சாடு பார்சி அறக்கட்டளை இசைந்தது. அடிப்படை வினா 2019-இல் சபரிமலை வழக்கின் வினாக்களோடு பேரமர்வின் ஆய்வுக்குச் சென்றது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பார்சிகள் 57,264 பேர் மட்டுமே. அதே 2011-இல் தெகரானின் குருமார் அவை எட்டுப் பெண்களைத் துணைக் குருமாராக ஏற்றது. தாய்நாட்டுக் கிளை திறந்த வாயிலை, புலம்பெயர்ந்த கிளை திறக்கத் தயங்குகிறது.

முடிவுரை

இத்தயக்கத்தின் காரணம் அச்சமே. அயல்மண்ணில் சிறுபான்மையாக வாழும் சமூகம், தன் எல்லையைக் காக்கும் பொறுப்பை மகளின் மணத்தின்மீது சுமத்துகிறது. மகன் எல்லையைக் கடந்தால் குடி பெருகுகிறது. மகள் கடந்தால் குடி குறைகிறது. இரண்டும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படுகின்றன.

புலம்பெயர்ந்த தமிழர் இதை அயலார் சிக்கலாகக் கருதிவிட இயலாது. ரிச்சர்ட்சனிலும் பிற அமெரிக்க நகரங்களிலும் நம் மகள்கள் பிற இனத்தவரை மணக்கின்றனர். அவர்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளி வகுப்பில் நாம் எவ்வாறு வரவேற்கிறோம், ‘தந்தை எந்த ஊர்?’ என்ற வினாவோடு தொடங்குகிறோமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மிடம் நீதிமன்ற வரையறை ஏதுமில்லை. எழுதப்படாத வரையறைகள் பல உண்டு. தாய்மொழி என்று நாம் பெயரிட்ட ஒன்று தாய்வழியே சென்று சேர்வதை ஏற்பது, பார்சி வரலாறு நமக்குத் தரும் முதற்பாடமாகும்.