திட்டிவாசல் வழியே ஒரு புது ராஜா

செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றாலும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ராட்சசக் குழந்தை ஒன்று கூழாங்கல் அடுக்கி விளையாடிவிட்டு, பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி பாறைகள் குவிந்த மலைகள் ஜன்னலுக்கு வெளியே வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஒரு மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான்.

'மராட்டியர் கோட்டையா? தேசிங்கு ராஜா கோட்டை இல்லையோ?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அங்கேதான் சுவாரசியமே!

1200-ம் ஆண்டு வாக்கில் கோன் வம்சத்தார் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கோட்டை இது. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை. 1677-ல் சத்ரபதி சிவாஜி. 1698-ல் முகலாயர்கள். நடுவே, 1714-ல் முப்பது வயதைக்கூடத் தொடாத தேசிங்கு, ஆற்காடு நவாபை எதிர்த்து உயிரை விட்டது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. பீஜப்பூர்க்காரர்கள் 'பாதுஷாபாத்' என்றார்கள். முகலாயர்கள் 'நஸ்ரத்கட்' என்றார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஜிஞ்ஜி' ஆயிற்று.

கல் அதேதான். சுனையும் அதே சுனைதான். உள்ளே உட்கார்ந்து ஆணையிடுகிற ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான்.

இதை நான் ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். அந்த இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். 20 அடிக்கு மேல் அகலம், சுமார் 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மேல் ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியது. அவ்வளவுதான். கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம்!

பாலத்தைப் போட்டோ எடுக்கலாமென்று போனை எடுத்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய போன். படம் விழுந்தது. சென்னையிலிருக்கும் நண்பருக்கு அனுப்பலாமென்று போனால், 'உங்கள் போனில் இனி இந்த ஆப் இயங்காது' என்று ஓர் அறிவிப்பு. கண்ணாடியில் கீறல் இல்லை. பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. ஆனாலும் இயங்காது. ஏன்? தயாரித்த கம்பெனி அதற்கு அப்டேட் அனுப்புவதை நிறுத்தி ஆறேழு வருஷமாகிறது. கம்பெனி கணக்கில் என் போன் காலமாகிவிட்டது. எனக்குத்தான் தகவல் வரவில்லை.

கீழே இறங்கி, டவுனில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசிருக்கும் பையன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஹார்டுவேர்ல ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கு. கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துட்டு வேற போடலாம். போட்டுறவா?"

"வேற என்றால்?"

"லீனியேஜ்னு ஒண்ணு இருக்கு சார். ஓசிதான். ஃப்ளாஷ் பண்ணிடலாம்."

லீனியேஜ்! தமிழில் சொன்னால் வம்சாவளி. செஞ்சியில் கேட்க இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? சரி, அந்த வம்சத்தின் கதையைப் பார்த்துவிடுவோம்.

2008 அக்டோபர். ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வருகிறது. எச்டிசி கம்பெனி தயாரித்த 'ஜி1'. அதே மாதம் கூகுள் ஆண்ட்ராய்டின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஆனால் மாற்றியதைக் காசு கொடுத்து வாங்கிய அந்தப் போனுக்குள் போடலாமென்றால், முடியாது. பூட்டு!

இந்தப் பூட்டைப் புரிந்துகொள்ள ராஜகிரிக்கு மறுபடி ஏறுங்கள். போனை ஆன் செய்ததும் முதலில் கண்விழிப்பது 'பூட்லோடர்' என்கிற குட்டி நிரல். அதுதான் மரப்பாலத்துக் காவல்காரன். உள்ளே வருகிற சாஃப்ட்வேரில் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் பாலம். இல்லையென்றால் பள்ளம்.

பக்கத்திலேயே இன்னொரு வழியும் உண்டு. பெரிய கோட்டைக் கதவில் ஆள் குனிந்து போகிற மாதிரி சின்னக் கதவு ஒன்று வைத்திருப்பார்களே, திட்டிவாசல். போனில் அதன் பெயர் 'ரெகவரி'. உள்ளே ராஜாங்கம் நிலைகுலைந்து போனாலும், இந்த வழியாகப் போய்ப் பழுது பார்க்கலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகவும் போடலாம். கம்பெனி வைத்த திட்டிவாசல் கம்பெனி ஆளை மட்டுமே உள்ளே விடும். அதைப் பெயர்த்துவிட்டு யாரையும் அனுமதிக்கிற வாசலை வைத்தால்? அதுதான் 'கஸ்டம் ரெகவரி'. ஆரம்ப காலத்தில் கௌஷிக் தத்தா என்பவர் எழுதிய 'கிளாக்வொர்க்மாட்' பிரபலம். பிறகு 'டி.டபிள்யூ.ஆர்.பி' வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஜி1 எப்படித் திறந்தது தெரியுமா? அதுதான் வேடிக்கை. 2008 நவம்பர். ஒருவர் தன் தோழியோடு சாட் செய்துகொண்டிருக்கிறார். 'ஏன் பதிலே காணோம்?' என்று அவர் கேட்க, போனை ரீபூட் செய்தேன் என்று சொல்வதற்காக இவர் 'ரீபூட்' என்ற ஒற்றைச் சொல்லை டைப் செய்கிறார். அடுத்த விநாடி போன் அணைந்து, மறுபடி உயிர் பெறுகிறது!

விஷயம் என்னவென்றால், கீபோர்டில் எதைத் தட்டினாலும் அது திரைமறைவில் சர்வ அதிகாரமும் படைத்த ஒரு நிரலுக்கும் போய்க்கொண்டிருந்தது. எடுக்க மறந்த ஒட்டு வேலை. தட்டுகிறவர் ராஜா மாதிரி. சொன்னால் நடக்கும். கூகுள் அவசர அவசரமாக அதை அடைத்தது. அதற்குள் விவரம் தெரிந்தவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

செஞ்சியிலும் இதேதான் நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை, எட்டு வருஷம் முற்றுகையிட்டுத்தான் கோட்டையைப் பிடித்தார். அப்போதும் உள்ளே இருந்த ராஜாராம் தப்பிவிட்டார். 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். ஒரே ராத்திரி. கதை முடிந்தது! எத்தனை பெரிய மதிலானாலும் எங்கோ ஒரு கதவு பலவீனமாக இருக்கும்.

2009-ல் இந்த ஆர்வலர்களுக்கு ஒரு தலைவர் கிடைத்தார். ஸ்டீவ் கோண்டிக். இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சயனோஜென்'. அது ஒரு விஷவாயுவின் பெயர்! அவர் திருத்தி வெளியிட்ட ஆண்ட்ராய்டுக்கு 'சயனோஜென்மாட்' என்று பெயர். கம்பெனி கொடுத்ததைவிட வேகம், கம்பெனி கொடுக்காத வசதிகள். கூட்டம் சேர்ந்தது. அந்த செப்டம்பரிலேயே கூகுளிடமிருந்து வக்கீல் நோட்டீஸும் சேர்ந்தது.

'ஆண்ட்ராய்டு திறந்தது, சரி. ஆனால் ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் எல்லாம் எங்கள் சொத்து. அதை எப்படி நீங்கள் சேர்த்து விநியோகிக்கலாம்?' நியாயம்தானே? கோட்டை பொதுச் சொத்து. உள்ளே இருக்கும் கட்டில், மேஜை தனியார் சொத்து. கோண்டிக் கட்டில் மேஜையை வெளியே வைத்துவிட்டு, கோட்டையை மட்டும் தர ஆரம்பித்தார். வேண்டியவர்கள் தங்கள் போனில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துவைத்து மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

நம்மூருக்கு இதனால் என்ன என்கிறீர்களா? 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ் வலைப்பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். போனுக்குத் தமிழ் தெரியாது! சிலர் பூட்டை உடைத்து, சிஸ்டம் ஃபோல்டருக்குள் புகுந்து, தமிழ் எழுத்துரு ஒன்றைத் திணித்தார்கள். கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் 'கெ' என்று எழுதினால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கிற நிரலும் வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஆண்ட்ராய்டு 4-ம் பதிப்பு வந்த பிறகுதான் நிலைமை சீராயிற்று. அதுவரை காத்திருக்க மறுத்தவர்கள், தாய்மொழியைப் படிப்பதற்காகத் தங்கள் போனையே உடைத்தவர்கள். சாதாரண விஷயமா?

சயனோஜென் கதைக்கு வருவோம். 2013-ல் அது கம்பெனி ஆனது. முதலீடு கொட்டியது. கூகுளிடமிருந்தே ஆண்ட்ராய்டைப் பறித்துவிடப் போகிறோம் என்று தலைமை அதிகாரி மேடையில் பேசினார். 2014-ல் 'ஒன்பிளஸ் ஒன்' என்ற போன் சயனோஜென்னோடு வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அதே ஆண்டு, இந்தியாவுக்கான தனி உரிமையை மைக்ரோமேக்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது சயனோஜென்! டிசம்பரில் ஒன்பிளஸ் இந்தியாவுக்கு வர, மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை. சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கியது. போன் வாங்கியவன் கதி? அப்டேட் வருமா, வராதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டான். ஒன்பிளஸ், இனி யாரையும் நம்புவதில்லை என்று சொந்தமாக 'ஆக்சிஜன்' என்று ஒன்றைச் செய்துகொண்டது. விஷவாயு போய்ப் பிராணவாயு!

2016 டிசம்பர் பிற்பகுதி. சயனோஜென் சேவைகள் மாதக் கடைசியோடு நிறுத்தம் என்று கம்பெனி அறிவித்தது. கையில் அவகாசம் ஏறக்குறைய ஒரு வாரம்தான். சாதாரணமாக இப்படியொரு கம்பெனி மூடினால் அதன் சாஃப்ட்வேரும் கூடவே எரிந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. மூல நிரல்தான் எல்லோர் கையிலும் இருக்கிறதே! சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்த அந்தத் தொண்டர்களே நிரலை எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றித் தொடர்ந்தார்கள். அதுதான் லீனியேஜ்.

நம் சென்னையிலும் ஒரு கிளை முளைத்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம், அதே திறந்த ஆண்ட்ராய்டை அடித்தளமாக வைத்து 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. 2017-ல் தொடங்கிய 'போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்' என்ற திட்டம் ஆண்ட்ராய்டையே விட்டுவிட்டு, நேராக லினக்ஸைப் போட்டு ஒரு போனைப் பத்து வருஷம் ஓடவைக்க வேண்டும் என்று புறப்பட்டது. கம்பெனிகளும் அசைந்து கொடுத்தன. 2023 அக்டோபரில் கூகுள், 2024 ஜனவரியில் சாம்சங், தங்கள் புதிய உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருஷம் அப்டேட் என்று அறிவித்தன. அதற்கு முன் இரண்டு மூன்று வருஷத்தோடு கைகழுவுவதுதான் சகஜம்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பாலங்களும் இறங்குவதில்லை. பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஹுவாவே, 2018-ல் அதை நிறுத்திவிட்டது. இன்னொரு பக்கம், காவல்காரனை அனுப்பிவிட்ட கோட்டைக்குள் நல்லவன் மட்டும்தான் வருவான் என்பது என்ன நிச்சயம்? அதனால்தான் பல பேங்க் ஆப்கள் இப்படித் திறந்த போனில் வேலை செய்ய மறுக்கின்றன. தவிர, உங்கள் மாடலுக்கென்று செய்யாத ஒன்றைப் போட்டால் போன் அப்படியே 'டெட்'. இங்கிலீஷ்காரன் அதைச் செங்கல் என்கிறான். ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

செஞ்சிப் பையனும் இதையெல்லாம் சொல்லாமல் கை வைக்கவில்லை.

"பூட்லோடரைத் திறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும் சார். போட்டோ எல்லாம் காப்பி எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. ஒன்பது வருஷப் படங்கள். எங்கள் அம்மா கடைசியாகப் பேசி அனுப்பிய நாலு வாய்ஸ் மெசேஜ். அவனே பொறுமையாக எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கையில் கொடுத்தான். அதற்கே முக்கால் மணி நேரம். பிறகு கேபிளைச் சொருகினான். முதலில் பாலம், அடுத்து திட்டிவாசல், அதன் வழியே புது ராஜா. நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்தபோது போன் பளிச்சென்று கண்விழித்திருந்தது.

"பேங்க் ஆப் மட்டும் இதுல வெச்சுக்காதீங்க சார்" என்றான். "மத்தபடி இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடும்."

பாலத்தின் படத்தை நண்பருக்கு அனுப்பினேன். போனது.

உங்கள் வீட்டு மேஜை டிராயரிலும் ஒரு போன் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி உடையவில்லை, பேட்டரி உப்பவில்லை என்றால் அது செத்துப் போகவில்லை. அதன் பாலத்தைத் தூக்குகிற கயிறு உங்கள் கையில் இருக்கிறதா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்பதை மட்டும் விசாரியுங்கள். அடுத்த போன் வாங்கும்போது கடைக்காரரிடம் கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்!