உழுசாலில் கிடைத்த பக்கிள்: காலம் கணிக்கும் கலை

இங்கிலாந்தின் உழவு வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியோடு நடப்பவர்களின் கைக்கு அடிக்கடி வந்து சேரும் பொருள்களில் ஒன்று பழைய பக்கிள். பெரும்பாலும் முழுதாக வராது. பச்சைக் களிம்பேறிய செம்புக் கலவைச் சட்டம் மட்டும் இருக்கும். முள் போயிருக்கும், வாரைப் பிடித்த தகடும் கழன்றிருக்கும். நாணயமென்றால் அரசன் பெயரைக் கொண்டு ஆண்டை நெருங்கலாம். பக்கிளில் எழுத்து இராது. அதன் வடிவத்தையும் செய்நேர்த்தியையும் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

மண்ணடுக்கும் இங்கே கைகொடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஏர் புரட்டிய மேல்மண்ணில் 13ஆம் நூற்றாண்டுப் பொருளும் 18ஆம் நூற்றாண்டுப் பொருளும் ஒரே சாலில் கிடக்கும். போதாக்குறைக்கு, நகரத்துக் குப்பையையும் சாணத்தையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயலுக்கு எருவிட்டார்கள். ஆகவே சீமானின் காலணிப் பக்கிள் ஒன்று வயலில் கிடைத்தால், அங்கே மாளிகை இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது குப்பையோடு வந்ததாகவும் இருக்கலாம்.

கல்லறைக்குள் கிடைத்த பக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1939இல் சஃபோக் மாவட்டத்தின் சட்டன் ஹூவில், மண்மேட்டுக்குள் புதைந்திருந்த கப்பலிலிருந்து 412.7 கிராம் எடையுள்ள பொன் பக்கிள் வெளிவந்தது. அதே புதையலில் ஒரு பணப்பையும், அதனுள் பிரான்கு நாட்டுப் பொற்காசுகள் 37உம் இருந்தன. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்ற கணிப்புக்கு அந்தக் காசுகளே முதன்மையான சான்று. வயல் பக்கிளுக்கு அப்படி அருகிருந்து சாட்சி சொல்ல எதுவுமில்லை. காலம் தெரிந்த வேறொரு பக்கிளோடு அதை ஒப்பிட்டே கணிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒப்பீட்டுக்கு அடித்தளம் தந்தது லண்டனின் தேம்ஸ் கரை. இடைக்காலத்தில் நகரத்தார் மரத்தடுப்புகளை நட்டு, பின்புறத்தைக் குப்பையால் நிரப்பி, கரையை ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டே போனார்கள். தடுப்புக்கு வெட்டிய ஓக் மரங்களின் வளையங்களை எண்ணி, மரம் சாய்க்கப்பட்ட காலத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் தோல்வார்கூட மக்காமல், பக்கிள் பூட்டியபடியே கிடைத்தது. ஜெஃப் ஈகனும் ஃப்ரான்சிஸ் பிரிச்சர்டும் இந்தப் பொருள்களை வகைப்படுத்தி, ஏறத்தாழ 1150 முதல் 1450 வரையிலான அணிகலன்களைப் பற்றி 1991இல் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் முதல் துணை. 1250 முதல் 1800 வரையிலான பக்கிள்களைத் தொகுத்த ராஸ் வைட்ஹெட்டின் நூல் 1996இல் வந்தது.

பலர் முதலில் பூவேலையைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட, முள் எங்கே, எப்படி மாட்டப்பட்டது என்பதே நம்பகமான தடயம். ஒற்றை வளையமும், தடித்து அணிசெய்யப்பட்ட முன்விளிம்பும், பின்னால் மெல்லிய தண்டும் இருந்தால் 13, 14ஆம் நூற்றாண்டுகளை நினைக்கலாம். இரண்டு முட்டை வடிவ வளையங்கள் ஒட்டிப் பிறந்து, நடுத்தண்டும் சட்டத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டு.

சட்டத்தின் இரு பக்கமும் துளையிட்டு, தனியே செய்த தண்டைச் செருகியிருந்தால் கணக்கே மாறுகிறது. அது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் உரிய முறை. அந்தத் தண்டு பல வேளை இரும்பு; மண்ணில் துருப்பிடித்து மறைந்திருக்கும். எஞ்சிய இரண்டு சிறு துளைகளே காலத்தைக் காட்டிவிடும். சாமுவேல் பீப்ஸ் தம் காலணியில் பக்கிள் அணியத் தொடங்கியதை 1660 ஜனவரி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் சிறிதாக இருந்த காலணிப் பக்கிள், 1770, 80களில் பாதத்தின் மேற்புறத்தையே மூடுமளவு பெருத்தது. பின்னர் நாடா கட்டும் வழக்கம் வந்து அதைத் துரத்தியது. 1790களின் தொடக்கத்தில் பர்மிங்காம், வால்சால், வுல்வர்ஹாம்ப்டன் ஊர்களின் பக்கிள் தொழிலாளர்கள் பிழைப்புக் கெட்டு, வேல்ஸ் இளவரசரிடம் முறையிட்டனர். தம் பரிவாரம் பக்கிள் அணிய வேண்டும் என்று அவர் சொல்லியும் பயனில்லை. ஆய்வாளருக்கோ இந்தச் சோகக் கதை ஒரு காலவரம்பைத் தருகிறது.

உலோகத்தைக் கொண்டு முடிவெடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். லண்டன் கச்சைத் தொழிலாளர் குழு, காரீயம், வெள்ளீயம் போன்ற மட்ட உலோகங்களால் கச்சையை அலங்கரிக்கக் கூடாது என்று 1327இல் அரச ஆணை பெற்றது. ஆனால் தேம்ஸ் சேறு அதே காலத்து ஈயக் கலவைப் பக்கிள்களைத் தாராளமாகத் தந்திருக்கிறது. ஆணையை மட்டும் படித்தவர் இங்கே ஏமாந்துபோவார். சேணப் பக்கிள் இன்னும் கடினம்: எளிய நாற்சதுரச் சட்டம் நூற்றாண்டுக் கணக்கில் மாறவேயில்லை. அதற்கு மூன்று, நான்கு நூற்றாண்டு அகலமுள்ள விடையே நேர்மையான விடை.

கிடைத்ததும் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்ப்பது பெருங்கேடு. வெள்ளீயப் பூச்சின் மிச்சம், தங்கமுலாமின் துளி, தண்டில் ஒட்டிய தோல்நார் எல்லாம் அதில் போய்விடும்.

1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் தனியாகக் கிடைக்கும் செம்புப் பக்கிள் பொதுவாக வருவதில்லை. அத்தகைய பொருள்களை விருப்பப் பதிவாக ஏற்கும் திட்டம் 1997இல் தொடங்கி, 2003க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுதும் பரவியது. பொருளோடு கிடைத்த இடத்தையும் துல்லியமாகக் குறிப்பதுதான் அதன் உயிர்நாடி. சட்டன் ஹூவுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரெண்டல்ஷம் வயல்களில் இரவுத் திருடர்கள் தோண்டுவதைக் கண்டு நிலவுடைமையாளர் கவலைப்பட, 2008இல் முறையான தேடல் தொடங்கியது. கருவியாளர்கள் சிலர் உழவுமண்ணில் கிடைத்த ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும் இடம் குறித்துக்கொண்டே சென்றனர். அந்தப் புள்ளிகள் சேர்ந்து ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள ஆங்கிலோ-சாக்சன் குடியிருப்பாக விரிந்தன. 2022இல் அங்கே அகழ்ந்தபோது 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அரச மண்டபத்தின் அடித்தளம் வெளிப்பட்டது.