தண்டுப் பேட்டையின் வெறுங்கால் வீரர்கள்

பிரிட்டிஷ் படைப்பிரிவுகளே நெடுங்காலம் வென்றுவந்த பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை, 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் சங்கத்தார் முதன்முதலாக இந்தியர் வசமாக்கி, மறு ஆண்டும் அதனை விடாமல் தக்கவைத்துக்கொண்டது, பெங்களூர் கண்டோன்மென்ட்டாகிய தண்டுப் பேட்டையில் அலசூர், மர்பி டவுன், கௌதமபுரம் எனத் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் கால்பந்து வேரூன்றிய வரலாற்றில் மகத்தான அத்தியாயம்.

1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி பிரான்ஸை எதிர்த்தபோது, ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் மைசூர் வீரரான சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, இறுதி நிமிஷங்களில் வாங்கிய கோலால் 2-1 எனத் தோற்றோம். அந்தத் துயரம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதே அணியில் ஆடிய நம் பெங்களூர் வீரர் அகமது கான் பின்னர் கல்கத்தா சென்று, ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ என்ற முன்னணி ஐவரில் ஒருவரானார்.

தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில், இவர்களுடைய ஆட்டத்தை வாசகர் மனக்கண்முன் நிறுத்தியவர்கள் பத்திரிகை நிருபர்களே. சென்னையிலிருந்து வந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழும், 1948-இல் பெங்களூரில் பிறந்த ‘டெக்கான் ஹெரால்டு’ம் அவர்களுக்கு இடமளித்தன. பந்து கடந்துவந்த பாதையைப் பொறுமையாக விவரித்த அந்த எழுத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது.